'புக்'கில் எழுதினார்களா?

புதுக் கார் வாங்கினால் முதல் வேலை எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு. பூசாரி கற்பூரம் காட்டி, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, "எடுப்பா" என்றதும் வண்டி மெல்ல நகரும். நான்கு பழங்களும் நசுங்கும். அத்துடன் திருஷ்டி கழிந்தது. கோலார் தங்கவயலிலும் அப்படித்தான்.

அமெரிக்காவில் எலுமிச்சைக்கு வேறு பொருள் உண்டு. வாங்கிய நாளிலிருந்து தொல்லை கொடுத்து, எத்தனை முறை சரிசெய்தாலும் மறுபடியும் படுத்துவிடும் காருக்கு அங்கே 'லெமன்' என்று பெயர். இங்கே சக்கரத்தின் அடியில் வைக்கிற பழம், அங்கே சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

ராபர்ட்சன்பேட்டையில் நான்கு பழங்களை நசுக்கிவிட்டு வீட்டுக்கு வண்டியை ஓட்டி வருகிற ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம், அவர் கற்பனை மனிதர். ஆனால் அவர் போகப்போகிற பாதையும் அதன் மேடு பள்ளங்களும் கற்பனை அல்ல. புதுக் கார் வாங்கி ஏமாந்த எவரும் இந்த நாட்டில் அந்தப் பாதையில்தான் போயாக வேண்டும்.

அவருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. அப்பா சுரங்கத்தில் ஃபிட்டர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியதிலிருந்து தங்கவயல் என்றால் சுரங்கம், சுரங்கம் என்றால் தங்கவயல். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த பூமி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த குடும்பங்கள்தான் அந்த ஆழத்துக்குப் போயின. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அப்பாவுக்குக் கையில் கொஞ்சம் பணம் வந்தது. மகனுக்கு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகிற ரயில் வந்தது.

விடியுமுன் ரயில் ஏறி, சுமார் 100 கிலோமீட்டர் போய், ராத்திரி திரும்பி வருவது தங்கவயலில் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கை. வீட்டைப் பகலில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். இவரும் இருபது வருடம் அப்படிப் போய் வந்தார். பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டார். ஊரில் வயதானவர்கள் அதிகம். இருமலும் மூச்சிரைப்பும் அதிகம். வேலூர் ஆஸ்பத்திரிக்கும் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் அதிகம். சொந்தமாக ஒரு டாக்ஸி இருந்தால் ரயிலை விட்டுவிடலாம். சேமிப்பு, மனைவியின் நகை, மீதிக்கு வங்கிக் கடன். 9 லட்சம் ரூபாயில் ஒரு கார் வாங்கினார். மஞ்சள் போர்டு, கே.ஏ. 08 பதிவு எண்.

மூன்றாவது வாரம் பேரணாம்பட்டு மலைப்பாதையில் வண்டி நின்றது. பின் சீட்டில் ஒரு அம்மாளும் அவர் மகளும். வேலூருக்குக் காட்டப் போகிறார்கள். வளைவில் ஏறும்போது இழுவை போய்விட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வண்டி கேட்கவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. ஐந்து நிமிடம் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பியது. விளக்கும் அணைந்துவிட்டது.

கோளாறுகளில் மோசமானது இந்த வகைதான். டாக்டர் வீட்டுப் படி ஏறியதும் நின்றுவிடுகிற பல்வலி மாதிரி, சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்ததும் மறைந்துவிடும். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கிறார்கள். எதுவும் பதிவாகவில்லை என்கிறார்கள். பையன் ஒருவன் மெயின் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருகிறான். சமதரையில் வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது.

"புது வண்டி சார். கொஞ்சம் ஓடட்டும், செட் ஆயிடும்."

முதல் முறை இதை நம்பினார். இரண்டாவது முறை பெட்ரோல்மீது பழி. மூன்றாவது முறை ஓட்டும் விதத்தின்மீது. மூன்று முறையும் ஜாப் கார்டில் எழுதப்பட்டிருந்தது ஒரே வாசகம்: பொதுவான பரிசோதனை செய்யப்பட்டது, குறை எதுவும் இல்லை. கீழே வாடிக்கையாளர் கையெழுத்து. அவரும் போட்டிருந்தார். போட்டால்தானே சாவியைக் கொடுப்பார்கள்?

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "புக்குல எழுதினாங்களா?"

"என்ன புக்கு நைனா? அதெல்லாம் இல்ல இப்போ. கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தர்றாங்க."

"அதுல நீ சொன்னத எழுதினாங்களா, அவங்க சொன்னத எழுதினாங்களா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வாழ்நாள் இருக்கிறது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜ், ஒரு கம்பிவடத்தில் தொங்குகிறது. அந்த வடத்தையும் அதைச் சுற்றுகிற எந்திரத்தையும் தகுதி பெற்ற ஒருவர் தினமும் பார்க்க வேண்டும். பார்த்ததைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. வாய்வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. வடத்தில் ஓர் இழை பிரிந்திருப்பதைக் கண்ணால் பார்த்தவன் மேஸ்திரியிடம் சொன்னால் அது ஒரு பேச்சு. புத்தகத்தில் எழுதினால் அது ஒரு குறை. எழுதிய பிறகு அதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் புத்தகத்தில் எழுத்து ஏறாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது தெரியும். மகன் பி.ஏ. படித்தவர். மூன்று முறை 'குறை இல்லை' என்பதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

குறையுள்ள புதுக் காருக்குப் பரிகாரம் தேடுகிற எவருடைய கதையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எஞ்சினில் இருக்கிற குறை எஞ்சினில் இருக்கிற வரை யாருக்கும் கவலையில்லை. அது காகிதத்துக்கு வர வேண்டும். அதை வரவிடாமல் தடுப்பதில்தான் மறுபக்கத்தின் திறமையெல்லாம் இருக்கிறது.

அம்பாசிடரும் பத்மினியும் மட்டுமே இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்குகிற கார், கிடைத்ததே பெரிது. டெலிவரி எடுத்த கையோடு தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நட்டுகளை முறுக்கி, ஒழுகுகிற இடங்களை அடைத்துக்கொள்வது வழக்கம். கம்பெனியிடம் கேட்கலாம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. கேட்க ஓர் இடம் வந்தது 1986 டிசம்பரில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துடன். இப்போது நடைமுறையில் இருப்பது 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது.

தங்கவயல்காரர் இந்தச் சட்டத்தின் கதவைத் தட்டப் போனால் முதலில் எழுகிற கேள்வி, அவர் நுகர்வோரா என்பதுதான். மஞ்சள் போர்டு வண்டி வியாபாரத்துக்கு வாங்கியதாயிற்றே! வர்த்தக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்கிறது சட்டம். டீலரின் வக்கீல் முதலில் எடுக்கிற ஆயுதமும் இதுதான்.

இதற்குப் பதில் 1995இலேயே வந்துவிட்டது. பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் எந்திரம் வாங்கிய ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில், வர்த்தக நோக்கம் என்றால் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் விரிவாக விளக்கியது. வழக்குப் போட்ட நிறுவனம் தோற்றது. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு விளக்கம் நிலைத்துவிட்டது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக ஒருவர் பொருள் வாங்கினால் அவர் நுகர்வோர்தான். ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். வாங்கிய வண்டியை டிரைவர் வைத்து ஓட்டி லாபம் பார்ப்பவர் வேறு. ஆகவே ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கை யாருடையது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மனுவில், 'என் குடும்பத்தின் பிழைப்புக்காக நானே ஓட்டுகிறேன்' என்ற ஒரு வரி விட்டுப்போனால், வண்டி பேரணாம்பட்டு மலையில் நின்றது போல வழக்கும் நின்றுவிடக்கூடும்.

அடுத்த கேள்வி, எங்கே போவது? கார் வாங்கியது பெங்களூரில். கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறு ஏதோ மாநிலத்தில். பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கிற இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டும். புதிய சட்டம் செய்த பெரிய உபகாரம், புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே போடலாம் என்றது. ஆகவே இவர் கோலாரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். பங்காருப்பேட்டை வழியாக பஸ்ஸில் முப்பது கிலோமீட்டர் சொச்சம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. இவருடைய 9 லட்சத்துக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, தானே வாதாடலாம். ஆனால் குறை வெளிப்பட்டு இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். 'இதோ சரிசெய்து தருகிறோம்' என்ற வார்த்தையை நம்பி அந்த இரண்டு வருடத்தைக் கடத்திவிட்டவர்கள், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டாமல் உள்ளே நுழைய முடியாது.

அதற்கு முன்பே 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துத் தமிழிலேயே புகார் சொல்லலாம். தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆனால் புகார் எண் ஒன்று கிடைக்கும். அதற்குக் கம்பெனி அனுப்புகிற பதிலும் கிடைக்கும். அப்பாவின் பாஷையில் சொன்னால், புத்தகத்தில் ஒரு வரி ஏறிவிடும்.

இதுவரை எல்லாம் எளிது. வண்டியின் குறையை நிரூபிப்பதில்தான் மேடு தொடங்குகிறது.

தங்கவயலில் எந்திரம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சுரங்கத்தின் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1964இல் உருவான பி.இ.எம்.எல். தொழிற்சாலை ஊரிலேயே இருக்கிறது. புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்கிற கைகள் பக்கத்துத் தெருவில் குடியிருக்கின்றன. இவருடைய நண்பர் ஒருவர் கூடவே வந்து மேட்டில் ஓட்டிப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, எரிபொருள் போகிற வழியில்தான் கோளாறு என்று அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆணையத்தின் முன்னால் அது பக்கத்து வீட்டுக்காரர் அபிப்பிராயம்.

பரிசோதனை செய்யாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்று தோன்றினால், பொருளைத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை பெற வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள ஏற்பாடு. மருந்துப் புட்டியையோ எண்ணெய் டின்னையோ சீல் வைத்து அனுப்பலாம். காரை எங்கே அனுப்புவது? நடைமுறையில் பொறியியல் கல்லூரிப் பேராசிரியரோ, போக்குவரத்துத் துறையின் வாகன ஆய்வாளரோ ஆணையரைப் போல நியமிக்கப்பட்டு வண்டியைப் பார்க்கிறார். செலவை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர். அவர் பார்க்கிற அன்று வண்டி நல்லபிள்ளையாக ஓடிவிட்டால்?

இந்த இடத்தில்தான் பழைய ஜாப் கார்டுகள் பேசும். ஒரே கோளாறுக்காக வண்டி எத்தனை முறை உள்ளே போனது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பாகத்தை மாற்றினார்கள், மாற்றிய பிறகும் எத்தனையாவது கிலோமீட்டரில் மறுபடி வந்தது என்பதெல்லாம் தேதி வாரியாக இருந்தால், நிபுணர் வந்த ஒரு நாளைவிட அந்த வரிசைக்கு கனம் அதிகம். மலைப்பாதையில் நின்றபோது செல்போனில் எடுத்த வீடியோவும், எரிகிற விளக்கின் படமும் உதவும். இவரிடம் அவை இருக்கின்றன. ஆனால் ஜாப் கார்டு மூன்றும் எதிராளிக்குச் சாட்சி சொல்கின்றன.

எடுத்த எடுப்பில் புதுக் காரைக் கேட்டுவிட முடியுமா? மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. கிளட்ச் கோளாறுக்காக முழு காரையும் மாற்றித்தரச் சொன்ன உத்தரவை அது ஏற்கவில்லை. வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வதற்கும் மாற்றுவதற்கும் கொடுத்த வாக்குறுதி. முழு வண்டிக்கு அல்ல என்றது. அலைக்கழித்ததற்கு இழப்பீடு உண்டு; கார் இல்லை. அன்றிலிருந்து இந்தத் தீர்ப்பு ஒவ்வொரு கார் கம்பெனி வக்கீலின் கைப்பையிலும் இருக்கிறது.

2010இல் ஃபியட் வழக்கில் நீதிமன்றம் இன்னொரு கதவைத் திறந்து வைத்தது. சுதந்திரமான தொழில்நுட்ப நிபுணர் ஒருவர் வண்டியைப் பார்க்கட்டும். தயாரிப்பிலேயே உள்ளார்ந்த குறை இருக்கிறதென்று அவர் சொன்னால் விலையை வட்டியுடன் திருப்பித்தர வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாதை தெரிகிறது. மாற்றக்கூடிய பாகத்தில் குறை என்றால் பாகம் கிடைக்கும். வண்டியோடு பிறந்த குறை என்றால் பணம் கிடைக்கும். எது எது என்று சொல்ல வேண்டியவர் நிபுணர். அவரைக் கேட்டு வாங்க வேண்டியவர் கார் வாங்கியவர்.

கடல் தாண்டியிருக்கிற தமிழர்களுக்கு இந்தச் சுமை கொஞ்சம் குறைவு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 'லெமன்' சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை, கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். அமெரிக்காவில் 1982இல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கிவைத்தது. ஒரே கோளாறுக்காகச் சில முறை முயன்றும் தீராவிட்டாலோ, வண்டி மொத்தமாக ஒரு மாதம் பட்டறையில் கிடந்தாலோ, மாற்றித்தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்பது அங்குள்ள இத்தகைய சட்டங்களின் பொதுவான சாரம். இந்தியாவில் அப்படி எண்ணிக்கை எதுவும் சட்டத்தில் இல்லை. எட்டு முறை போய்வந்தாலும் ஒன்பதாவது முறை வரச் சொல்லலாம்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் 'லெமன்' கார்களை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். அவர் பேசியது பழைய கார்ச் சந்தையைப் பற்றி. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது; அந்த இடைவெளி சந்தையையே கெடுத்துவிடும் என்றார். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். புதுக் காரில் அந்த இடைவெளி இன்னும் அகலம். தங்கவயலில் இருப்பவருக்குத் தெரிந்தது தன் ஒரு வண்டி. அதே மாடலில் எத்தனை வண்டிகள் எந்த மேட்டில் நின்றன என்பது கம்பெனிக்குத் தெரியும். 2021 ஏப்ரலிலிருந்து, பாதுகாப்பைப் பாதிக்கிற குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் செயல்படுகிறது. அதற்கும் பலருடைய புகார்கள் பதிவாகி ஒன்றுசேர வேண்டும். தனியாளாகப் புலம்பிவிட்டுப் போகிறவர்களின் கணக்கு எங்கும் ஏறுவதில்லை.

வழக்கில் யாரை எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது என்பதிலும் கவனம் தேவை. டீலர், 'நான் விற்றவன், செய்தவன் அல்ல' என்பார். கம்பெனி, 'டீலர் எங்களிடம் வாங்கி விற்கிற தனி வியாபாரி' என்னும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கோவாவில் ஒருவருக்கு 2009இல் தயாரித்து, 622 கிலோமீட்டர் ஓடிய காரை டீலர் 2011இல் புதுக் காராக விற்ற வழக்கில், டீலர் தானாகச் செய்த தவறுக்கு, அது தெரிந்திராத டாடா மோட்டார்ஸ் பொறுப்பல்ல என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே யார் என்ன தவறு செய்தார் என்பதைத் தனித்தனியாக எழுதி, இருவரையும் சேர்ப்பதுதான் விவேகம்.

இதற்கிடையில் மாதத்தவணை காத்திருக்காது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு வழக்கு நடத்தினால் வங்கிக்கு என்ன கட்டுவது? ஓட்டிக்கொண்டே வழக்கு நடத்தினால் மீட்டர் ஏறும். '60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் தயாரிப்புக் குறை எப்படி இருக்க முடியும்?' என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆணையங்களும் பல வழக்குகளில் அந்தக் கேள்விக்குக் காது கொடுத்திருக்கின்றன. சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருப்பவருக்கு இது சங்கடம். டாக்ஸி ஓட்டுகிறவருக்கு இது கழுத்தில் கயிறு. ஓட்டினால் வழக்குப் போகும். ஓட்டாவிட்டால் வண்டியே போகும். இவர் மலைப்பாதையை விட்டுவிட்டு, பெங்களூர்ச் சவாரி மட்டும் எடுக்கிறார். வேலூர் போகிறவர்களிடம், வண்டிக்கு வேலை இருக்கிறது என்று பொய் சொல்கிறார். நடுக்காட்டில் நோயாளியுடன் நிற்பதைவிடப் பொய் மேல். ஒவ்வொரு மேட்டுக்கும் எத்தனை சவாரி விட்டுப்போனது என்று அவர் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அதுவும் இழப்பீட்டுக்கு ஆதாரம்தான்.

காலக்கெடு? பரிசோதனை தேவைப்படுகிற வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாளில் பதில் தர வேண்டும். அதற்குமேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வே சொல்லிவிட்டது. ஆனால் மாவட்டத்துக்கு மேல் மாநிலம், அதற்கு மேல் தேசியம், அதற்கு மேல் டில்லியில் உச்ச நீதிமன்றம். வசதி படைத்தவர்களுக்கும் இதில் விலக்கில்லை. நடுப்பகுதி சூடேறிய பென்ஸ் கார் ஒன்றைப் பற்றிய வழக்கில் தேசிய ஆணையம் தீர்ப்பளித்தது 2007இல். உச்ச நீதிமன்றத்தில் அது முடிந்தது 2024 ஜூலையில். தோற்ற தரப்பு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஒன்றுதான் சாமானியருக்குக் கொஞ்சம் தெம்பு.

இவ்வளவு தெரிந்த பிறகும் எதற்காக ஒருவர் கோலாருக்கு பஸ் ஏற வேண்டும்?

அதற்கான பதில் 2004இல் வந்த ஒரு தீர்ப்பில் இருக்கிறது. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் கார் ஒன்றைப் பற்றிய வழக்கு. குறையுள்ள காரைப் புதுக் கார் என்று விற்க முயன்றது வெட்கக்கேடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குறையை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக மறுத்து வழக்காடியது அதைவிட வருந்தத்தக்கது என்றும் சொன்னது. சட்டப் புத்தகத்தில் வெட்கம் என்ற சொல்லுக்கு இலக்கணம் கிடையாது. இருந்தும் நீதிபதிகளுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. ஷோரூமில் கைகட்டி நின்ற ஒவ்வொருவருக்கும் அது ஏன் என்று புரியும். வண்டி கெட்டுப்போவது நடக்கிற காரியம். மனிதன் செய்கிற எந்திரம்தானே? ஆனால் இல்லாத குறையைச் சொல்கிறாய் என்று ஒருவனைப் பார்த்துச் சொல்வது வேறு. ஓட்டத் தெரியாது, பெட்ரோல் போடத் தெரியாது, வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிற பார்வை வேறு. பணத்துக்கு முன்பே அவன் கேட்பது, 'ஆமாம், குறை இருக்கிறது' என்ற ஒரு வாக்கியத்தை.

நான்காவது முறை வண்டி நின்றபோது இவர் பெங்களூருக்குத் தனியாகப் போகவில்லை. அப்பாவையும் முன் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோனார். சர்வீஸ் அட்வைசர் வழக்கம் போலத் தட்டச்சு செய்து, தாளை நீட்டி, பேனாவையும் நீட்டினார். இவர் கையெழுத்துப் போடவில்லை. தாளைத் திருப்பி, காலியாக இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் நிதானமாக எழுதினார். மேட்டில் மூன்றாம் கியரில் இழுவை போகிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது, வீடியோ காட்டப்பட்டது, இது நான்காம் முறை, முதல் மூன்று முறையும் இதே புகார்தான். தேதியும் கிலோமீட்டரும் போட்டார். பிறகு தன் கையெழுத்து.

"சார், இதுல எழுதக்கூடாது சார்."

"நான் சொன்னத நீங்க எழுதல. அதான் நான் எழுதினேன். இப்போ நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அட்வைசர் உள்ளே போனார். யாரிடமோ பேசினார். வெளியே வந்து, நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவரை ஒரு முறை பார்த்தார். "வண்டி ரெண்டு நாள் இங்க இருக்கட்டும் சார், நந்தி மலைக்கு ஏத்திப் பார்க்கறோம்" என்றார். முதல் முறையாக அவர்கள் வாயிலிருந்து மலை என்ற வார்த்தை வந்தது. கையெழுத்தும் போட்டார்.

மலையில் வண்டி நின்றால் பாகத்தை மாற்றலாம். மாற்றிய பிறகும் நின்றால் கோலாரில் 200 ரூபாய் கட்டலாம். ஜெயிப்பாரா என்பது நிபுணர், நீதி, காலம் மூன்றின் கையிலும் இருக்கிறது.

திரும்பும்போது ரயில். பழைய வழித்தடம்தான். பங்காருப்பேட்டை தாண்டியதும் அப்பா அந்த நகலைக் கேட்டு வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலம். மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு வந்து, கடைசியில் இருந்த இரண்டு கையெழுத்துகளின் மேல் நிறுத்தினார்.

"எது அவனுது?"

மகன் காட்டினார். கிழவர் தாளை நான்காக மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.